குறுக்கே பேசாதே

சுரங்கத்துக்கு வயர்லெஸ் வந்த புதிதில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அலைவரிசைதான். மண் வெட்டும் எந்திரக்காரர்கள், பள்ளத்தின் அடியில் தண்ணீர் இறைக்கும் பம்புக்காரர், ஜீப்பில் சுற்றும் அதிகாரி, மேலே கண்ட்ரோல் ரூமில் நான், எல்லோரும் அதில்தான். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் மற்றவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் விரலை எடுக்கும் நொடியில் நுழைந்தால்தான் உண்டு.

அதிகாரி லேசில் விரலை எடுக்க மாட்டார். குவார்ட்டர்ஸுக்கு ஜீப் போயிற்றா, சாப்பாட்டு கேரியர் வந்ததா, எல்லாம் அதில்தான். அவர் பேச்சிலேயே பாட்டரி பாதி தீர்ந்துவிடும். பம்புகளுக்கு முதலிடம், மற்றவர்களுக்கு முறை வைத்து ஆளுக்கு ஒரு நிமிடம், ஆபத்தென்றால் யார் பேச்சையும் நிறுத்தலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"யார் பேச்சையும்னா, என் பேச்சையுமா?" என்றார்.

"இல்லைங்க சார்" என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். என் முதுகெலும்பு அவ்வளவுதான்.

பம்புக்காரர் கம்மாபுரம் பக்கம். கூலிக்கு உழுத நிலம் சுரங்கத்துக்குப் போய்விட, காண்ட்ராக்டில் வந்தவர். பர்மனென்ட் ஆக வேண்டும் என்பது ஒன்றே அவர் கவலை. ஒருநாள் அதிகாரி மூச்சு விட்ட இடைவெளியில் நுழைந்து, தண்ணீர் ஏறுவதாகச் சொல்லிவிட்டார். அதிகாரி என்மேல் பாய்ந்தார். நான் என்னைவிட மூத்த அந்த மனிதர்மேல் பாய்ந்தேன்.

"ஐயா பேசறப்ப குறுக்கே பேசினா உன்னை யாருய்யா பர்மனென்ட் பண்ணுவாங்க?"

"தெரியாம பேசிட்டேங்க. இனிமே பேச மாட்டேங்க."

அடுத்த வாரம் பகல் ஷிப்டில் பம்புக்காரர் தலைக்கு மேலே மண்கரையில் வெடிப்பு விட்டது. கூட இருந்தவர் ஓடிவிட்டார். பின்னால் அவர் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். உத்தரவில்லாமல் பம்பை விட்டு ஏறினால் வேலை போய்விடும். அதனால் பம்புக்காரர் வயர்லெஸ் செட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அதிகாரியோ கேரியரில் ரசம் வைக்காததற்காக யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திட்டு ஓய்ந்ததும் அந்தக் குரல் வந்தது. "ஐயா பேசி முடிச்சிட்டாங்களா? நான் பேசலாங்களா?"

"பேசு" என்றேன். இரைச்சல்தான் வந்தது.

மண்சரிவு விசாரணையில் அதிகாரி, "ஆபத்துன்னா அவன் குறுக்கே பேசியிருக்கலாமே" என்றார். அவர் பேசி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகும் பேசவில்லை.