ஒரே ஒரு முறை கேட்ட சாப்பாடு

அந்தச் சாப்பாட்டு வண்டி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இடுப்பளவு உயரம், ஒடுங்கிய உடம்பு, ஒரு சக்கரம் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். விமானத்தின் எக்கானமி வகுப்பில் நானும் என் சீனியரும் ஆளுக்கொரு முனையில் நின்று அதைப் பல வருடங்கள் தள்ளினோம். விளம்பரத்தில் அந்த வேலைக்கு விருந்தோம்பல் என்று பெயர். தட்டைக் கையில் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த வரிசையைப் பார்க்கச் சொல்லும் ஒரு வேலைக்கு அப்படிப் பெயர் வைத்தவர், எக்கானமியில் ஒரு நாளும் உட்கார்ந்திருக்க மாட்டார். சிரிக்கும்போது மேல்வரிசைப் பல் எத்தனை தெரிய வேண்டும் என்றுகூடப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். எதிரில் இருப்பவருக்குப் பசிக்கிறதா என்று பார்க்க மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சீனியர் சித்தூர்க்காரர். நான் சத்தியவேடு, இரண்டும் ஆந்திர எல்லையில் தமிழும் தெலுங்கும் கலந்த ஊர்கள். ஆனால் பயணிகள் முன்னால் இரண்டு பேருமே எந்த ஊர்க்காரரும் இல்லை. தமிழோ தெலுங்கோ வாயில் வந்துவிட்டால் தரம் குறைந்துவிடும் என்பது அவர் கொள்கை. வெள்ளைக்காரப் பயணி விரலை அசைத்தால் பாதி முதுகு வளைந்து ஓடுவார். நம் ஊர் அம்மா ஒருவர் தண்ணீர் கேட்டால் காது கேட்காது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துக் கூட்டம் கூட்டமாக அமெரிக்கா போய்க்கொண்டிருந்த காலம் அது. அங்கே பேரப்பிள்ளை பிறக்கும்போதெல்லாம் நகரியிலிருந்தும் பாலசமுத்திரத்திலிருந்தும் அம்மாக்கள் கிளம்பி வந்தார்கள். அவர்களுக்குச் சீனியர் வைத்த பெயர் பிரசவப் பார்ட்டி. அவர்கள் வாங்கிய டிக்கெட்டில்தான் தன் வீட்டு அடுப்பு எரிகிறது என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாப்பிடச் சொன்னதும் கை நீட்ட மாட்டார்கள். முதலில் வேணாம் என்பார்கள், இரண்டாவது முறையும் தயங்குவார்கள், மூன்றாவது முறை வற்புறுத்தினால்தான் தட்டைத் தொடுவார்கள். ஒரு காலத்தில் சொந்தமாகக் கையளவு நிலம் இல்லாமல் அடுத்தவர் களத்து மேட்டில் நின்ற குடும்பங்களுக்கு, உடனே கை நீட்டாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. அது அவர்கள் பாடுபட்டுச் சம்பாதித்த கௌரவம். சீனியருக்கு இது தெரியாதது அல்ல. ஓட்டல் அறையில் என் மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரையை நீட்டினால் அவரும் இரண்டு முறை வேண்டாம் என்பார், மூன்றாவது முறை டப்பாவோடு வாங்கிக்கொள்வார். வண்டியைப் பிடித்துவிட்டால் மட்டும் அவருடைய சட்டம் வேறு. "ஒரு தடவ கேளு, பதில் சொன்னா தள்ளிக்கினு போ. உபசாரம் பண்றதுக்கு நாம ஒண்ணும் சம்பந்தி வூட்டு ஆளுங்க இல்ல" என்பார்.

அன்று வளைகுடாவில் விமானம் மாறி அமெரிக்காவுக்குப் பதினாலு மணி நேரப் பயணம். நடு வரிசையில் துணைக்கு ஆள் இல்லாமல் ஓர் அம்மா. பாலசமுத்திரத்துக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டி வருவதைப் பார்த்ததும் அவர் சர்க்கரை மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததை நான் பார்த்தேன். சாப்பாடு வரப்போகிறது என்ற நம்பிக்கையில் போட்ட மாத்திரை. பக்கத்தில் போய்ச் சைவமா அசைவமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே, "வேணாம்பா" என்றார்.

அந்த வேணாமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் அம்மா அப்படித்தான் சொல்வார். இன்னொரு முறை கேட்டிருந்தால் போதும், தமிழில் "துன்னும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் வண்டியின் மறுமுனையில் சீனியர் நின்றார். அந்த மாதம்தான் என்னை பிசினஸ் வகுப்புக்கு மாற்ற அவர் சிபாரிசு எழுத வேண்டியிருந்தது. நான் வண்டியைத் தள்ளினேன். அந்த அம்மாவின் முகம் வண்டியோடு இரண்டு வரிசை வரைக்கும் திரும்பி வந்தது.

அரை மணி நேரம் கழித்துக் காலித் தட்டுகளை வாங்கப் போனேன். அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் தொடாமல் வைத்திருந்த ரொட்டியையும் வெண்ணெயையும் அந்த அம்மாவின் கண் முன்னாலேயே வாங்கிக் குப்பையில் போட்டேன். மீந்துபோன தட்டுகள் பின்பக்கம் அப்படியே கிடந்தன, அவற்றையும் கொட்டினோம். அவர் மணியை அழுத்திக் கேட்டிருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். சோறு போடு என்று வாய்விட்டுக் கேட்பவராக இருந்தால் முதல் முறையே வாங்கியிருப்பார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சத்தம் போட்டார். போய்ப் பார்த்தால் அந்த அம்மா வேர்த்துக் கொட்டி, கண் செருகிச் சரிந்து கிடந்தார். பயணிகளில் இருந்த டாக்டர் ஒருவர் சோதித்துவிட்டுச் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளே போயிருப்பார் என்றும் சொன்னார். சர்க்கரையைக் குழைத்து ஈறில் தடவினோம், விழித்த பிறகு பழச்சாறு கொடுத்தோம், கடைசியில் சோறும் கொடுத்தோம். அப்போதும் அவர் என்னைப் பார்த்து, "ஒனக்கு வேலைய குடுத்துட்டேனே நைனா" என்றார்.

சீனியர் அதற்குள் பேனாவை எடுத்துவிட்டார். அவருக்கு அந்த அம்மா பிழைத்ததைவிடப் படிவம் ஒழுங்காக இருப்பது முக்கியம். பயணிக்கு உணவு அளிக்க முன்வந்தோம், பயணி மறுத்துவிட்டார் என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை, அதுதான் அதன் கேவலம். சாட்சி என்று இருந்த இடத்தைக் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவரை இத்தனை வருடம் கழித்தும் கேவலமாகத்தான் நினைக்கிறேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் கேள்வியைக் கேட்டது என் வாய், கையெழுத்துப் போட்டதும் என் கை. அடுத்த மாதம் எனக்கு பிசினஸ் வகுப்பு கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இறங்கியதும் சக்கர நாற்காலியில் அவரை வெளியே கொண்டு வந்தோம். மகன் காத்திருந்தான். நடந்ததைக் கேட்டதும் முகம் சிவந்து, அம்மாவுக்குச் சோறு போடவில்லையா என்று ஆங்கிலத்தில் கத்தினான். சீனியர் பதற்றமே இல்லாமல் படிவத்தை நீட்டினார். மகன் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா அவன் கையைப் பிடித்தார்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதடா. கேட்டாங்க, நாந்தான் வேணாம்னேன்."

அவன் படிவத்தின் அடியில் இருந்த என் பெயரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, எந்த ஊர் என்று தமிழில் கேட்டான். சத்தியவேடு என்றேன்.

"எத்தினி தடவ கேட்டீங்க?" என்றான்.

நான் குனிந்து சக்கர நாற்காலியின் பிரேக்கை விடுவித்து, பிடியை அவனிடம் கொடுத்தேன். அவன் மறுபடி கேட்கவில்லை.