உறிஞ்ச மறுத்த கன்னம்

அன்று காலை தேநீர் வெந்நீராக இருந்தது. முதல் கோப்பைத் தேநீரைத் துப்பினேன். அடுத்ததும் அப்படியே. தேயிலை உலர்த்தும் டிரையரைப் பார்க்கும் முருகேசனைக் கூப்பிட்டு, இலையைப் பாழாக்கிவிட்டாய் என்று கத்தினேன். கத்தல் குழறியது. அவன் அதே கோப்பையில் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தான்.

"டீ நல்லாத்தான் இருக்கு சாரே. உங்க வாய்தான் ஒழுகுது."

குனிந்து பார்த்தேன். இடது கடைவாயிலிருந்து சாயம் இறங்கி சட்டை நனைந்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

கேரள மலையில், பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர் நான். தேநீரைக் காற்றோடு சத்தமாக உறிஞ்சி, நாக்கெங்கும் சிதறவிட்டு, துப்பித் தரம் சொல்ல வேண்டும். உறிஞ்ச முடியாதவனைச் சுவை பார்க்கும் மேசையருகே யார் விடுவார்கள்? எனக்கு வேறு தொழில் தெரியாது.

நானும் மனைவி செல்வியும் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் மலையிறங்கினோம். பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபடியே வந்தேன். ஒரு பாதி பயந்திருந்தது. மறுபாதிக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை.

"காத்து அடிச்சிருக்கு. ஜன்னலோரம் உக்காராதீகன்னா கேட்டாத்தானே" என்றாள் செல்வி, துண்டால் என் வாயைத் துடைத்துக்கொண்டே.

மருத்துவர் மலையாளி. புருவத்தைத் தூக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். "நெற்றியும் அசையலை அல்லே? பயப்பட வேண்டாம் கேட்டோ."

மூளையால் வரும் பக்கவாதமென்றால் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடுமாம். எனக்கு வந்தது முகவாதம் (முகநரம்பு வீங்கி ஒரு பக்கத் தசைகள் ஓய்ந்துபோவது). நாக்கின் முன்பகுதிச் சுவையும் அந்த நரம்பின் வழியேதான் போகிறது. பாவம் முருகேசன். ஆனால் இதைப் படிப்பவர்கள் வீட்டிலேயே நெற்றியைச் சுருக்கிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வாய் கோணினால் உடனே ஆஸ்பத்திரி. மாத்திரை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

கைகால் தசைகள் எலும்பை இழுக்கின்றன. முகத்தசைகள் தோலை இழுக்கின்றன. அதனால்தான் உள்ளே ஓடுவதெல்லாம் வெளியே தெரிந்துவிடுகிறது. என் இடப்பக்கத்தில் எதுவும் தெரியவில்லை. கண்ணைச் சுற்றிய வளையத்தசை மூட மறுத்தது. சொட்டு மருந்து விட்டு, பிளாஸ்திரி ஒட்டித் தூங்கினேன். கன்னத்தின் உட்தசை (ஊதவும் உறிஞ்சவும் உதவுவது) தளர்ந்து, சோறு ஈறோரம் தங்கியது. காதுக்குள் சத்தத்தைக் குறைக்கும் சின்னஞ்சிறு தசையும் ஓய்ந்ததால், தொழிற்சாலையில் இலை சுருட்டும் ரோலர் இயந்திரம் என் மண்டைக்குள்ளேயே உருண்டது.

விடுப்பில் உட்கார முடியவில்லை. தம்ளரில், அணைந்த டிவியில், ஜன்னலில், எங்கும் முகம் பார்த்தேன். ஊதினேன். உறிஞ்சினேன். காற்று கசிந்தது.

"கல்யாணத்துல இருந்து சிரிக்காத மூஞ்சி, இப்பப் பாதியாச்சும் சிரிக்குது, விடுங்க" என்றாள் செல்வி. நான் சிரிக்க, வாய் வலப்பக்கம் ஓடியது. அவள் அடுப்படிக்குப் போய் அழுதது கேட்டது. அந்தக் காதுதான் எல்லாவற்றையும் பெரிதாகக் கேட்கிறதே.

நரம்பு எறும்பைவிட மெதுவாக ஊர்ந்து வந்தது. மழைக்காலம் முடியும்போது உதட்டோரம் ஒரு துடிப்பு. பிறகு சோறு தங்குவது நின்றது. பிறகு மேனேஜர் வரச் சொன்னார்.

மேசையில் கோப்பைகள். மேனேஜரும் முருகேசனும் என் வாயையே பார்த்தார்கள். உறிஞ்சினேன். காற்று கசியவில்லை. துவர்ப்பு நாக்கின் இருபுறமும் ஏறியது. தரம் சொன்னேன்; மேனேஜர் தலையசைத்தார்.

"வாய் சரியாயிட்டு சாரே. ஆனா யாரப் பாத்துக் கண்ணடிக்கிய?" என்றான் முருகேசன்.

உறிஞ்சும்போது இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. இணையசைவு (நரம்பு இழை வழிமாறி வேறு தசையில் சேர்ந்துவிடுவது) என்றார் மருத்துவர். பயிற்சியால் குறையலாம், குறையாமலும் போகலாம்.

முன்பெல்லாம் ஒரு வாய் துப்புவதற்குள் கை அடுத்த கோப்பைக்குப் போய்விடும். இப்போது ஒவ்வொரு வாய்க்கும் மேசையின் இடப்பக்கம் அணைந்துபோகிறது. கண் திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது.