பாயச அண்டாவும் பேட்டரி சென்சரும்

போன திங்கட்கிழமை வாஷிங் மெஷினிலிருந்து என் பெண்ணின் சுடிதாரை எடுத்து உதறினேன். ஒரு கால் பாதி தனியாகக் கையில் வந்துவிட்டது.

மீதி முழுக்க ஓட்டை. எலியா? எலி இப்படிக் கடிக்காது. மெஷினா? அதே மெஷினில் சுற்றிய என் கணவரின் பழைய பனியனுக்கு ஒன்றும் ஆகவில்லையே!

நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. பருத்தித் துணி துவைத்ததும் நார் நாராகப் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆசிட்.

முதல் நாள் கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனவள், யாருடையதோ செட்முண்டை, அதாவது கேரளத்து இரட்டை வேட்டியை, உடுத்தித் திரும்பி வந்தாள். “சாம்பார் கொட்டிடுத்தும்மா. சாரமில்லை” என்றாள். எங்கள் வலியசாலைத் தமிழில் ‘பரவாயில்லை’க்கு அதுதான் வார்த்தை. மலையாளத்திடம் வாங்கினோம். திருப்பித் தரும் உத்தேசம் இல்லை.

சாம்பார் துணியில் ஓட்டை போடுமா?

வித்யாவை இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பே சந்தித்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு கேட்டரிங் ஆரம்பித்த என் ஒரே பெண். சமையல் சிவராம மாமாவின் பொறுப்பு. சமைத்ததை மண்டபத்துக்குக் கொண்டுபோகும் டீசல் டிரக் இவள் பொறுப்பு. அவளேதான் ஓட்டுவாள். டிரைவர் வைத்துக்கொள் என்று நான் சொல்வதும், அவள் சிரிப்பதும் எங்கள் வீட்டில் அன்றாட நிகழ்ச்சி. என் பங்குக்கு, மொபைல் வந்ததிலிருந்து பாதி வழியில் ஒரு போன் செய்துவிடுவேன்.

அந்த டிரக்கில் கொஞ்ச நாளாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து கொண்டிருந்தது.

பேட்டரி இருப்பது கேபினுக்குப் பின்னால், இடது பக்கம், சாமான் ஏற்றும் இரும்புத் தளத்துக்கு நேர் கீழே ஒரு பெட்டியில். அதற்குள் ஒரு சின்ன சென்சர். பேட்டரி எவ்வளவு சூடு என்று என்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. சூடு ஏறினால் கம்ப்யூட்டர் சார்ஜைக் குறைக்கும். டேஷ்போர்டில் விளக்கைப் போடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பெண் ஓட்டுகிற வண்டியில் ஒரு விளக்கு எரிந்தால் எனக்கு அவ்வளவுதானா?

கரமனையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ஷாஜி பார்த்தார். “சேச்சி பேடிக்கண்டா. சென்சர் போயி” என்றார். பயப்பட வேண்டாமாம். புது சென்சர் போட்டார். அடுத்த கல்யாணத்தில் மறுபடி விளக்கு. வயரைச் சோதித்தார். சரியாக இருந்தது. பேட்டரியை மாற்றினார். மறுபடி விளக்கு! ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் மட்டும் எரியாது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தை மாதிரி.

“எனக்கு அந்த விளக்கு எரியக் கூடாது, ஷாஜி. ஏதாவது பண்ணுங்கோ” என்றேன்.

பண்ணினார். சென்சரைக் கழற்றிவிட்டு, அந்த வயரில் அரிசி அளவு ஒரு ரெசிஸ்டரை வைத்து ஈயத்தால் பற்ற வைத்தார். வெயிலோ மழையோ, ‘பேட்டரி ஜில்லென்று இருக்கிறது’ என்று அது ஒரே பதிலைச் சொல்லிக் கொண்டிருக்கும். கம்ப்யூட்டரும் நம்பிவிடும். விளக்கு அணைந்தது. வித்யா முகத்தைச் சுளித்தாள். எனக்கு நிம்மதி.

அதற்கு அடுத்த பயணம்தான் கழக்கூட்டம். அன்று நடந்ததை, ஓட்டைச் சுடிதாரை முகத்துக்கு நேரே நீட்டிய பிறகுதான் வித்யாவிடமிருந்து பெற முடிந்தது.

பைபாஸில் போகும்போதே ஒரு நாற்றம். வித்யா ஜன்னலை இறக்கியிருக்கிறாள். “மாமா, இன்னிக்கு ரசத்துல காயம் ஜாஸ்தியோ?”

“ஜாஸ்தியா? நல்ல கட்டிக் காயமாக்கும். அதான் வண்டியே மணக்கறது.”

இருவரும் பெருங்காயம் என்றே நம்பி மண்டபம் வரை போய்விட்டார்கள். வாசலில் இருந்த செக்யூரிட்டிக்காரர் வண்டியைச் சுற்றி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். “மோளே, இதில் சீமுட்டை உண்டோ?”

கெட்டுப்போன முட்டை! சிவராம மாமா கேபினிலிருந்து குதித்தார். “முட்டையா? எங்க வண்டியிலயா? ஓய், நாக்கை அடக்கிப் பேசும்!”

“எந்தா சாமி, ஞான் நாற்றம் பறஞ்ஞதல்லே?”

“நாத்தமா? அது காயமாக்கும், காயம்!”

இங்கே நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சார்ஜ் அதிகமாகிக் கொதிக்கும் பேட்டரியிலிருந்து அழுகிய முட்டை வாசனை வரலாம். ஹைட்ரஜன் சல்பைடுக்கு அந்த வாசனை என்று நானும் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். என் பெண்ணும் எழுதியிருக்கிறாள். இருவருக்கும் முழு மார்க். ஆனால் முட்டையே நுழையாத வீட்டில், முட்டை அழுகினால் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

செக்யூரிட்டி சொன்ன பிறகுதான் வித்யாவுக்கு அந்தப் பரீட்சை ஞாபகம் வந்தது. என்ஜினை அணைத்தாள். அண்டாக்களை இறக்கச் சொன்னாள். பேட்டரிப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தால் பேட்டரி பலூன் மாதிரி உப்பியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் கார் வந்துவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு டிரக். கல்யாணப் பெண்ணின் மாமாவுக்குப் பதற்றம். “மாறு மோளே, ஞான் எடுக்காம்” என்று வண்டியைத் தானே நகர்த்தக் கேபினில் ஏறிவிட்டார். சாவி வண்டியிலேயே இருந்தது.

பெட்டிக்கு நேரே குனிந்திருந்த வித்யா, “வேண்டாம் அங்கிள்!” என்று கத்துவதற்காக நிமிர்ந்தாள்.

நிமிர்ந்தாள்... இதை எழுதும்போதும் இந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது.

அவர் சாவியைத் திருப்பினார். பேட்டரி வெடித்தது.

முகத்துக்கு வந்திருக்க வேண்டியது முழங்காலுக்குக் கீழே போயிற்று. செக்யூரிட்டிக்காரர் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து அவள் காலில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தாராம். சிவராம மாமா பக்கத்தில் நின்று அழுதாராம். காலில் கொஞ்சம் சிவந்ததோடு போயிற்று. பெண் வீட்டாரிடம் செட்முண்டை வாங்கிக் கட்டிக்கொண்டு, பந்திக்கு இலை போட நின்றுவிட்டாள். நடுவில் என் போன்.

“என்னடீ, போய்ச் சேர்ந்தாச்சா?”

“ஆச்சும்மா. எல்லாம் ஓகே. சாரமில்லை.”

என்ன குரல்! ஒரு நடுக்கம்? ஒரு மூச்சிரைப்பு? ஒன்றுமில்லை. நானும் நம்பி போனை வைத்துவிட்டு மத்தியானம் தூங்கினேன்.

“ஏண்டி சொல்லலை?” என்று சுடிதாரை ஆட்டிக்கொண்டு கேட்டேன்.

“சொன்னா என்ன பண்ணுவே? வண்டியை வித்துடுன்னுவே.”

“சொல்லுவேன்தான். இப்பவும் சொல்றேன். வித்துடு.”

“பாத்தியா?” என்றாள். “நீ கேக்கறதே ஒரே ஒரு பதில்தான். அதைத்தான் நான் சொல்லிண்டிருக்கேன்.”

எனக்கு உடனே அந்த அரிசி அளவு ரெசிஸ்டர் ஞாபகத்துக்கு வந்தது. ஆட்டிக்கொண்டிருந்த சுடிதாரை மடித்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சமாதானத்துக்கு வந்தாள். “விளக்கு ஏன் எரிஞ்சதுன்னு கண்டுபிடிச்சுக் காட்டறேன். முடியலேன்னா வித்துடலாம். சரியா?”

சரி என்றேன். முடியாது என்ற நம்பிக்கையில்தான்.

புதன்கிழமை ஷாஜியிடம் போனோம். வேறு பேட்டரி. ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, பழைய சென்சர். முதலில் ‘போயி’ என்று கழற்றிப் போட்டாரே, அதேதான்! பிறகு வித்யா ஒரு பெரிய அண்டாவில் கொதிக்கும் வெந்நீரை நிரப்பி, தளத்தின் இடது மூலையில் ஏற்றிக் கட்டினாள். கேபினின் பின் கண்ணாடிக்கு நேர் பின்னால். ஏன் அந்த மூலை? கொதிக்கக் கொதிக்க ஏற்றும் பாயசம் எப்போதும் அங்கேதான் உட்காரும். சிவராம மாமா கேபினிலிருந்து திரும்பினால் பாயசம் கண்ணில் பட வேண்டும். வேறு யாரையும் நம்புவதில்லை — இது அவருடைய சட்டம். ஷாஜியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு கோவளம் ரோட்டில் ஓட்டினாள்.

வெள்ளாயணி தாண்டியதும் விளக்கு எரிந்தது.

மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்டாவுக்கு நேர் கீழே பேட்டரிப் பெட்டி. தளத்தைத் தொட்டால் கை சுட்டது. சென்சர் பொய்யே சொன்னதில்லை. சூடாக இருந்தது, சூடு என்று சொன்னது. கல்யாணம் இருக்கும் நாளில் மட்டும் எரிந்ததற்கும், காலி வண்டியாக ஒர்க்ஷாப்புக்கு வந்தால் எரியாததற்கும் இதுதான் காரணம். சென்சரின் வாயை அடைத்தது நாங்கள்தான். கம்ப்யூட்டர் குளிர்ந்த பேட்டரி என்று நம்பி, கொதிக்கும் பேட்டரிக்கு மேலும் மேலும் சார்ஜ் ஊட்டிக்கொண்டிருந்தது.

“பாயசம் வெச்சா விளக்கு எரியும்னு மேனுவல்ல இல்லல்லோ!” என்றார் ஷாஜி. நியாயம்தான்.

இப்போது பாயசம் வலது பின் மூலையில், மரப்பலகைமேல் போகிறது. சிவராம மாமா வழி நெடுகப் பின்னால் திரும்பியே உட்கார்ந்து வருவதால் அவருக்குக் கழுத்து வலி.

வண்டியை விற்கவில்லை.

நேற்று ஆற்றிங்கலில் ஒரு நிச்சயதார்த்தம். நான் போன் செய்யவில்லை. அவளே செய்தாள். “அம்மா, விளக்கு எரியறது. ஓரமா நிறுத்தியிருக்கேன். மாமா யாருக்கும் தெரியாம பாயசத்தைப் பழைய மூலைக்கே மாத்தி வெச்சிருக்கார். இறக்கிண்டிருக்கேன்.” பின்னால் மாமாவின் குரல்: “பாயசத்தைக் கண்ணால பாக்கவும் கூடாதா?”

வண்டியை விற்றுவிடு என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, “சரிடீ. ஆறினப்புறம் கிளம்பு” என்றேன்.

‘சாரமில்லை’ என்று அவள் சொன்ன நாட்களைவிட நேற்று நன்றாகத் தூங்கினேன்.