எண்ணெய் காய்ச்சிப் பார்த்த கரண்டி

என் மேசை மேல் நீளக் காம்புள்ள இரும்புக் கரண்டி ஒன்று கிடக்கிறது. வீட்டில் யாரும் அதைச் சமையலுக்கு எடுப்பதில்லை. எவ்வளவு தேய்த்தாலும் அதன் குழியிலிருந்து எஞ்சின் எண்ணெய் வாடை போகாது. அது நான் வேலை பார்த்த ஆலையின் எஞ்சின் மேஸ்திரியுடையது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்கள். தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு பருத்தி அரவை ஆலையில் நான் சாமான் அறைக் குமாஸ்தா. பாளையங்கோட்டையில் படித்தவன், இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிறவன் என்பதால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு. மேஸ்திரி ரங்கூனில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். புதுப் பீப்பாய் வந்தால் ஒரு கரண்டி எண்ணெயைக் கரி அடுப்பில் காய்ச்சி, மேலே எரிகிற திரியைக் காட்டுவார். நன்றாகப் புகையும்வரை பற்றாமல் இருந்தால்தான் பீப்பாய் உள்ளே வரும்.

“பூமியில எடுத்த எண்ணெயைக் கொதிக்க வச்சா மொதல்ல மண்ணெண்ணெய் ஆவியாப் போவும்வே. மிச்சம் நிக்கிற குழம்பை நீராவி விட்டுத் திரும்பக் காச்சி, குளிர வச்சு மெழுகைப் பிழிஞ்சு, அமிலம் ஊத்திக் கழுவணும். அப்பந்தான் எஞ்சினுக்கு ஆவும். அவசரப்பட்டா மண்ணெண்ணெய் உள்ளேயே தங்கிரும், எண்ணெய் வழுக்காம இரும்பு உரசிச் சுட்டுரும்” என்பார். நான் பாதிதான் காதில் வாங்குவேன்.

அவர் ஆழ்வார்குறிச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், இரண்டு வியாபாரிகளிடமிருந்து இரண்டு பீப்பாய்கள் வந்தன. ஒன்று பச்சை ஓடிய கறுப்பில் கூழாக இருந்தது. மற்றது தெளிந்து பளபளத்தது. கடையில் நல்லெண்ணெய் வாங்குகிறவன் எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் நானும் பார்த்தேன். கறுப்பைக் கசடு என்று வாசலில் ஒதுக்கிவிட்டு, தெளிந்ததற்குக் கையெழுத்துப் போட்டேன்.

மேஸ்திரி திரும்பிய அன்று முற்பகலில், எஞ்சின் தண்டைத் தாங்கும் பேரிங் சுட்டது. புறங்கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சு பறக்க, அரவை இயந்திரங்களின் முன்னால் வரிசையாகப் பெண்கள். ஒரு பொறி போதும். யாரையும் கேட்காமல் நீராவியை அடைத்தார். பிறகு நான் வாங்கிப் போட்ட எண்ணெயைக் கரண்டியில் காய்ச்சித் திரியைக் காட்டினார். புகை கிளம்பும் முன்பே பக்கென்று பற்றியது. பக்கத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மானேஜர் ஓடி வந்தார். “யாரைக் கேட்டுவே எஞ்சினை நிறுத்துனீரு?”

“எண்ணெய் சரியில்ல அய்யா. உள்ள மண்ணெண்ணெய் கெடக்கு. காச்சிக் காட்டுதேன், பாருங்க” என்றார் மேஸ்திரி.

“எண்ணெயை அடுப்புல வச்சா எரியத்தான் செய்யும். பளிங்கு மாதிரி இருக்கு, இதுல என்ன கோளாறு?” என்ற மானேஜர் என் பக்கம் திரும்பினார். “நீரு பாத்துத்தானே வாங்குனீரு?”

மேஸ்திரி என்னையே பார்த்தார். எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் பற்றியது என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். சொன்னால் என் வேலை போகும்.

“பாத்துத்தான் வாங்குனேன் சார்” என்றேன்.

மேஸ்திரியை அன்றே அனுப்பிவிட்டார்கள். வாசலைத் தாண்டும்போது கரண்டியை என் கையில் கொடுத்தார். “இனிமே நீருதான் பாக்கணும். பொம்பளப் பிள்ளைய உள்ள இருக்காவ” என்றார். ஒதுக்கிய கறுப்புப் பீப்பாயை நானே உருட்டி வந்து, கரண்டியில் காய்ச்சிப் பார்த்துவிட்டு, மானேஜருக்குத் தெரியாமல் எண்ணெயை மாற்றினேன். அதற்குப் பிறகு பேரிங் சுடவே இல்லை. வெட்கங்கெட்ட கெட்டிக்காரத்தனம்.

ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு பீப்பாயையும் அந்தக் கரண்டியில் காய்ச்சித்தான் வாங்கினேன். நல்ல குமாஸ்தா என்று பெயரும் கிடைத்தது.

நேற்று என் மகள், இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணெய் காய்ச்சிப் பார்த்த கரண்டி என்று மட்டும் சொல்லி, அன்று மானேஜர் முன்னால் செய்ததுபோலவே மிச்சத்தை மறைத்தேன்.