பனையில் கட்டிய பெக்கோ

நமது சனசமூக நிலையத்துப் பலகைக்கு முன்னால் நின்று இதை வாசிப்பவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும், சில கீழே தொங்கும். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது. நான் சொல்லச் சொல்லத் தானே எழுதித் தருவதாக இங்கே பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடத்தும் சரோஜா ரீச்சர் சொன்னார். அந்தோனியண்ணையைப் பற்றி வேறொருவர் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை. துக்கத்தை எழுதும்போதும், எழுத வருகிறதே என்ற சந்தோசம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் மறைக்கச் சொல்லவும் மாட்டார்.

செய்தி வந்த புதன்கிழமை காலை நான் குளக்கரையில் நின்றேன். அவர் வழக்கமாக வரும் பஸ் வந்து போய்விட்டது. அவர் அதில் வரவில்லை. கைத்தொலைபேசி அடித்தது. அவருடைய மகள் ஜெசிந்தா.

"மாமா, அப்பா விடிய எழும்பேல்லை."

"நித்திரை கொள்ளட்டும் பிள்ளை. நேற்று வெயிலுக்கை நிண்டு நல்லா வேலை செய்தவர்" என்றேன்.

அவளுக்குப் பின்னால் ஆட்கள் அழும் சத்தம் கேட்டது. அதில்தான் எனக்கு விளங்கியது. பெக்கோ பனையில் கட்டியபடி நின்றது. முதல் நாள் பின்னேரம் அவர் கட்டிவிட்டுப் போன கயிறு.

நிலையத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பெக்கோ என்பது முன்னால் மண் அள்ளும் பெரிய பக்கெட்டும், பின்னால் மடங்கி நீண்டு கிடங்கு வெட்டும் கையும் உள்ள இயந்திரம். அந்தோனிப்பிள்ளை அண்ணை குருநகரில் பிறந்து, கடலுக்குப் போய், பிறகு வள்ள எஞ்சின்களைத் திருத்தியவர். எங்கள் ஊருக்கு அவர் முதன்முதலில் வந்தது என்னுடைய தண்ணீர் இறைக்கும் மிசினைத் திருத்துவதற்கு. வேலை முடிந்து என் மனைவி கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார். குவளைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"கந்தையா, தேத்தண்ணிக்கு உப்புப் போடுற வழக்கம் உங்கடை ஊரிலை மட்டுந்தானோ?"

"என்னைக் கேக்காதையுங்கோ அண்ணை, கிணத்தைக் கேளுங்கோ" என்றாள் என் மனைவி.

அன்றைக்குத்தான் நான் அவருக்குக் குளத்தைக் காட்டினேன். மண் தூர்ந்து, நடுவில் மாடு மேயும் குளம். மாரியில் விழுகிற மழை நிற்க இடமில்லாமல் வாய்க்காலால் ஓடிக் கடலுக்குப் போய்விடும். கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்த்துக்கொண்டு வந்தன. என் தோட்டத்து வெங்காயம் நுனி கருகியது. ஊரில் இரண்டு குடும்பம் கொக்குவில் பக்கம் வீடு பார்க்கத் தொடங்கியிருந்தது. வாடகைப் பெக்கோக்காரர்கள் வீதி வேலை முடித்து வருகிறோம் என்பார்கள். அவர்கள் வருவதற்குள் மாரி வந்துவிடும், குளத்துக்குள் இறங்க முடியாது. அண்ணை கரையில் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார். "கடல்காரன் நான் சொல்லுறன், நல்ல தண்ணியைக் கடலுக்கு அனுப்பிறது பாவம்" என்றார். அடுத்த தடவை வந்தபோது, பருத்தித்துறைப் பக்கம் ஒரு வளவில் பழைய பெக்கோ ஒன்று கிடக்கிறது, வாரும், போய்ப் பார்ப்போம் என்றார்.

அது வேப்பமரத்தின் கீழே ஒரு பக்கம் சரிந்து நின்றது. ரயர்களில் காற்றில்லை. குழாய்களுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. வீட்டுக்காரர் பழைய இரும்புக்குக் கொடுக்க இருந்தவர். பேசி முடித்ததும் ஒரேயொரு நிபந்தனை சொன்னார்.

"பக்கெட்டுக்குள்ளை கோழி அடைகிடக்கு. குஞ்சு பொரிச்சாப்போலைதான் கொண்டு போகலாம்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் குனிந்து கோழியைப் பார்த்தார்.

"பொறுப்பம். எங்களுக்கு முதல் வந்தவை தானே" என்றார்.

விலைக்காக அண்ணை தன் பழைய வள்ளத்தைக் கொடுத்தார், நான் என் பசுக்களைக் கொடுத்தேன். குஞ்சுகள் இறங்கி நடந்த பிறகு ஓர் உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். அண்ணை பெக்கோவின் ஆசனத்தில் சுக்கான் பிடிப்பவர்போல் நிமிர்ந்து இருந்தார். எங்களைத் தாண்டிய பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கிய நடத்துனர், "ஐயா, ஆசுப்பத்திரிக்கோ, சுடலைக்கோ?" என்று கேட்டார். "பள்ளிக்கூடத்துக்குத் தம்பி, இப்பதான் முதலாம் வகுப்பு" என்றார் அண்ணை. பஸ் முழுக்கச் சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

என் வளவில் அதைத் திருத்திய மாதங்களை நான் இன்னும் ருசித்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் அசையாமல் இறுகிப் போயிருந்தது. நான் நீண்ட இரும்புக் குழாயைக் கொண்டுவந்து முழுப் பலத்தோடும் திருப்பப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். "பொறும் ஓய். நித்திரையாக் கிடக்கிற ஆளைக் காலிலை பிடிச்சு இழுத்தே எழுப்பிறது?" ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். ஒவ்வொரு பின்னேரமும் வந்து மெதுவாக ஒரு தரம் திருப்பிப் பார்ப்பார். அசையாது. மறுபடி எண்ணெய் விட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போவார். ஒரு நாள் நக அளவு அசைந்தது. அன்றைக்கு அவர் மேற்கொண்டு திருப்பவில்லை. "இண்டைக்கு இது காணும், கண் முழிச்சிட்டுது" என்று கையைத் துடைத்துக்கொண்டு, என் மனைவியிடம் உப்புத் தேத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு குழாய்கள் மாற்றினோம், கசிந்த இடமெல்லாம் அடைத்தோம், பக்கெட்டுக்குப் புதுப் பல் பூட்டினோம். வெளியே பூசியது மட்டும் வள்ளத்துப் பெயின்ற். வீதியில் ஓடும் பெக்கோ எல்லாம் மஞ்சள். எங்களுடையது நீலமும் வெள்ளையும்.

முதல் ஓட்டத்தை உங்களில் பலர் கண்டீர்கள், காணாதவர்களுக்கு எதிர்வீட்டுக் கனகம்மாக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் ஆசனத்தில் இருந்தவன் நான், நான் சொல்வதுதான் சரி. அண்ணை தங்கள் கோயிலிலிருந்து சிறு போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து எஞ்சினில் தெளித்தார். நான் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தேன். எஞ்சின் கறுப்புப் புகை விட்டு உறுமியது. தேசிக்காய்கள் நசிந்தன. வாசலில் போகும் ஒழுங்கைப் பக்கம் சரிவான வளவு எங்களுடையது. படலைக்கு வந்ததும் நிற்பாட்டக் காலை அழுத்தினேன். கால் அடிவரை போனது, பெக்கோ நிற்கவில்லை.

"அண்ணை, நிக்குதில்லை."

"பிறேக்கைப் பிடியும்."

"பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். நீங்கள் பிறேக் பாத்தனீங்களோ?"

"நீர் பாக்கேல்லையோ?"

இருவரும் பார்க்கவில்லை. வள்ளத்துக்குப் பிறேக் இல்லை, அதனால் அவருக்கு நினைவு வரவில்லை. நான் வாழ்நாள் முழுக்க ஓட்டியது இரண்டு சில்லு உழவு இயந்திரம். அதில் கிளச்சைப் பிடித்தால் சேற்றிலே தானாக நின்றுவிடும், அதனால் எனக்கும் வரவில்லை. மாதக்கணக்காக இயந்திரத்தின் எல்லா உறுப்பையும் கழற்றித் துடைத்துப் பூட்டிய நாங்கள் அதை நிற்பாட்டுவது பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. ஒழுங்கையைக் கடந்து கனகம்மாக்காவின் கிடுகு வேலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, பின்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்த அண்ணை கத்தினார்: "நங்கூரம்! நங்கூரத்தைப் போடும்!"

எனக்கு உடனே பிடிபட்டது. முன் பக்கெட்டை நிலத்தில் இறக்கினேன். அது மண்ணை உழுதுகொண்டு போய் அக்காவின் வாழைக்கு முன்னால் நின்றது. கனகம்மாக்கா வெங்காயம் துப்புரவாக்கிய சுளகோடு எழும்பி வந்து, வேலியையும் எங்களையும் பார்த்தார்.

"கிழவன்மார் இரண்டுபேருக்கும் ஓடிப் பழக என்ரை வேலிதான் கிடைச்சதோ?"

அண்ணைக்கு மூச்சு வாங்கியது. "குறை நினையாதையுங்கோ அம்மா. வள்ளத்துக்கு ஆர் பிறேக் வைச்சது?"

"சரி, வந்ததுதான் வந்தனீங்கள், அந்தக் குப்பைக் கிடங்கையும் வெட்டிப்போட்டுப் போங்கோ."

எங்கள் பெக்கோ செய்த முதல் வேலை கனகம்மாக்காவின் குப்பைக் கிடங்கு. அதற்குப் பிறகுதான் பிறேக் திருத்தினோம். நன்றாகவே திருத்தினோம். இருந்தாலும் அன்று தொடங்கி, வேலை முடிந்ததும் அண்ணை தடித்த நைலோன் கயிறு ஒன்றை எடுத்துப் பெக்கோவை மரத்தோடு கட்டுவார். வளவில் நின்றபோது முருங்கையில், குளத்துக்குப் போன பிறகு கரையிலுள்ள பனையில். கடையடிப் பெடியள் "ஐயா, புல்லுப் போடேல்லையோ?" என்று கேட்பார்கள். "பால் கறக்கிற நேரம் சொல்லியனுப்பிறன், செம்பு கொண்டு வாருங்கோ" என்பார் அவர். காலையில் வந்து கயிற்றை அவிழ்ப்பதும் அவர்தான். எஞ்சினுக்கு டீசல் போகும் குழாயில் சேர்ந்த காற்றை எடுத்து, காதை வைத்துக் கேட்டு, தலையை ஆட்டுவார். அதன் பிறகே நான் ஏறுவேன்.

போன வருடம் குளத்தின் தெற்குப் பாதியை வெட்டினோம். அந்த நாட்களில்தான் நான் பின்னேர வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தேன். ஒரு நாள், சொன்னால் சிரிப்பீர்கள், பெக்கோவின் கையால் குளத்தின் களியில் 'அ' எழுதினேன். பேனையை விட அது நான் சொன்னபடி கேட்டது. அண்ணை கரையில் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"சுழி நல்லா வந்திருக்கு. உந்த எழுத்தை அழிக்கிறதுக்கு ஆர் டீசல் தாறது?"

"இப்ப அழிக்கிறன் அண்ணை."

"வேண்டாம், கிடக்கட்டும். மீன் படிக்கும்."

மாரியில் அதன் மேல் தண்ணீர் ஏறியது. அந்தப் பாதியில் பங்குனி வரைக்கும் தண்ணீர் நின்றது. குளத்துக்குக் கிட்ட உள்ள கிணறுகளில் உவர் குறைந்தது. என் மனைவி தேத்தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன தங்கச்சி, இண்டைக்கு உப்புப் போட மறந்திட்டியளோ?" என்றார். இதற்கு மேல் ஒரு பாராட்டை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. வடக்குப் பாதியையும் இந்த வருடம் மாரிக்கு முன் முடித்துவிட்டால் ஊரின் மற்றக் கிணறுகளும் நல்ல தண்ணீருக்குத் திரும்பும் என்று ஆவணியில் மறுபடி இறங்கினோம். பாதிக்குப் பாதி முடிந்திருந்த நேரத்தில் அந்தப் புதன்கிழமை வந்தது.

குருநகரில் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு நான் குளத்துக்குப் போய் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவிழ்க்கப் பார்த்தேன். எந்த நுனி எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். வானம் வடக்கே கறுக்கத் தொடங்கியது. கனகம்மாக்கா வந்து, "கத்தியாலை வெட்டிவிடு கந்தையா. மழை பாத்துக்கொண்டு நிக்குமே?" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கத்தியும் என் மடியில் இருந்தது. அண்ணையின் கை கடைசியாகக் கட்டியதை வெட்ட என் கை போகவில்லை. வெட்டி என்ன? காற்று எடுக்கவும் காதை வைத்துக் கேட்கவும் ஆள் இல்லை. பெக்கோ மறுபடி கோழிக்கூடாகப் போகிறது, கிணறுகளும் உவர்க்கப் போகின்றன என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை சனிக்கிழமை ஜெசிந்தா குளத்துக்கே வந்தாள். அண்ணையின் ஸ்பனர் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். "இது உங்களிட்டை இருக்கிறதுதான் சரி, மாமா" என்றவள், ஏன் வேலை நிற்கிறது என்று கேட்டாள். நான் முடிச்சைக் காட்டினேன். அவள் அழுத கண்ணோடு சிரித்தாள். குட்டையாக நீட்டிக்கொண்டிருந்த நுனியை இரண்டு விரலால் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். கயிறு முழுவதும் கழன்று பனையின் அடியில் விழுந்தது.

"விடிய வள்ளம் எடுக்கிறதுக்கெண்டு போடுற முடிச்சு மாமா இது. இழுத்தால் வந்திடும். அப்பா நாளைக்கு வேலைக்கெண்டுதான் கட்டிப்போட்டு வந்திருக்கிறார்."

நான் எஞ்சின் பக்கம் போனேன். எத்தனையோ காலை அவர் பக்கத்தில் நின்று பார்த்ததை என் கை செய்தது. காற்றுக் குமிழி போய் டீசல் மட்டும் வரும்வரை பார்த்தேன். காதை வைத்தேன். அவருக்கு அதில் என்ன கேட்டதோ எனக்குத் தெரியாது. முதல் தரம் பிடிக்கவில்லை. "பொறும்" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் தரம் இருமியது, பிறகு கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது. ஜெசிந்தா காதைப் பொத்திக்கொண்டு கரையில் நின்றாள். நான் வடக்குப் பாதிக்குள் இறங்கினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஸ்பனர் பெட்டியும், "பொறும்" என்ற சொல்லும், இந்தக் கயிறும். முடிச்சை ஜெசிந்தா எனக்குக் கட்டிக் கட்டிக் காட்டிவிட்டுப் போனாள். எழுதப் பழகியதை விட அது எனக்குக் கடினமாக இருக்கிறது. நேற்று நான் கட்டியது இன்று காலை இழுத்தவுடன் வந்தது.

வடக்கு மூலையில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். மழை கொஞ்சம் பொறுத்தால் வருகிற கிழமை அதுவும் முடிந்துவிடும். முடிந்ததும், எவ்வளவு தண்ணீர் வந்து நிற்கிறது என்று இதே பலகையில் என் கையாலேயே எழுதி ஒட்டுவேன். எழுத்துகள் அப்போது கோட்டுக்குக் கொஞ்சம் கிட்ட வந்திருக்கும். இப்போது பொழுது சாய்கிறது. போய்ப் பெக்கோவைக் கட்ட வேண்டும், நாளைக்கு எடுக்கிற மாதிரி.