கனகா பிடித்த துப்பாக்கிக் குழல்

நான் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குக் கிளம்பும் நேரம். இனி பாலசமுத்திரத்தில் எங்கள் மாந்தோப்பைக் குரங்குகளிடமிருந்து என் மனைவி கனகாதான் காக்க வேண்டும். அதற்காகப் பழைய ஏர்கன்னைப் பிரித்து, காற்று கசிந்த தோல் வாஷரை மாற்றினேன்.

சரிபார்க்கக் குழலை மடக்கினேன். உள்ளே ஸ்பிரிங் இறுகியது. "கொஞ்சம் புடிச்சிக்கோ" என்று குழலை அவளிடம் கொடுத்து, மடங்கிய இடுக்கில் விரலை விட்டு எண்ணெயைத் துடைத்தேன். ஸ்பிரிங்கைத் தடுத்திருந்த கொக்கி 'டக்'கென்று நழுவியது. குழலை மூடத் திமிறிய ஸ்பிரிங்கின் வேகம் முழுவதும் அவள் கையில்.

"வெரல எடுய்யா! கை வழுக்கிக்கினு போவுது!"

பயத்தில் என் கை அசையவே இல்லை.

"எடுய்யா!" என்று அலறினாள். நான் விரலை உருவிய கணமே குழல் படீரென்று மூடியது. அவள் உள்ளங்கையில் ரத்தம்.

அவளைத் தனியாக விட்டுப் போகிறோமே என்றுதான் அதுவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். விமானத்தில் உட்கார்ந்தபோதுதான், தனியாகப் போவது நான் என்று உறைத்தது.