வரிசையில் நின்றவர்களும் திரும்பிப் போனவர்களும்

வாத்தியார் உத்தியோகத்தில் யாரும் கேட்டு வாங்காத, யாரும் தட்டிக்கழிக்கவும் முடியாத ஒரு வேலை உண்டென்றால் அது தேர்தல் வேலைதான்.

என்னைப் போல மை வைத்தவர்களும், எங்கள் முன்னால் வெயிலில் நின்று எங்களைத் திட்டியவர்களும் இதைப் படிக்கக்கூடும். இரண்டு தரப்பும் அன்றைக்கு ஒரே பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைப் பார்த்து முகம் சுளித்தவர்கள்தான். அதனால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்லலாம். நான் கணக்கு டீச்சர். பாளையங்கோட்டையில் வீடு. தேர்தல் வந்தால் கழுத்தில் 'வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்' என்று ஒரு அட்டையை மாட்டி, கையில் இயந்திரத்தைக் கொடுத்து, பேர்கூடக் கேள்விப்படாத ஊருக்கு வேனில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். தலைமை என்பது அட்டையில் மட்டும்தான். வேனில் கடைசி சீட்டுதான் எனக்குக் கிடைக்கும்.

வாழைக்கறை

களக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் வாழை. வாக்குப்பதிவு ஏழு மணிக்கு. அதற்கு வெகு முன்னாலேயே பெண்கள் வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை போய்விட்டது. எல்லாரும் வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிற கூலிப் பெண்கள். ஓட்டுப் போட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போகலாம் என்று தூக்குச்சட்டியோடு வந்திருந்தார்கள். முதல் ஆளாக நின்ற முத்துலட்சுமி நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். வாழைக்கறை பட்டால் துணியை விட்டுப் போகாது. அதற்காக வேலை நேரத்தில் சேலைக்கு மேலே போட்டுக்கொள்ளும் ஆம்பளைச் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள்.

அன்றைக்கென்று சீட்டு அச்சடிக்கிற இயந்திரம் மக்கர் செய்தது. மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்த்தபோது ஓடியது. நிஜ ஓட்டு என்றதும் நின்றுவிட்டது. மண்டல அலுவலருக்குப் போன் போட்டேன். வேறு இயந்திரம் கிளம்பிவிட்டது என்றார். வாசலுக்கு வந்து, "கொஞ்சம் பொறுங்க, இப்ப வந்துரும்" என்றேன். முத்துலட்சுமி, "பொறுக்கோம் டீச்சர்" என்றாள். சாலையில் அவர்களை வேலைக்கு ஏற்றிப்போக வந்த லாரி ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போன். பக்கத்து ஊரில் இருக்கிறதாம். மறுபடி வாசலுக்கு வந்து அதையே சொன்னேன். இந்தத் தடவை லாரி விடாமல் அடித்தது. ஆள் கூட்டிப் போகிற அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே நின்று, "வாறவ வாங்க, வராதவ நாளையிலேருந்து வரவேண்டாம்" என்று சத்தம் போட்டார்.

வரிசை பின்னாலிருந்து கரைந்தது. கடைசியாக நகர்ந்தவள் முத்துலட்சுமிதான். என் கண் முன்னாலேயே பையிலிருந்து சட்டையை எடுத்துச் சேலைக்கு மேலே மாட்டிப் பொத்தானைப் போட்டாள். லாரி வெகுதூரம் போனபிறகு புது இயந்திரம் வந்தது. பழுதில்லாமல் ஓடியது. சாயங்காலம் கேட்டைச் சாத்துகிறவரை அந்த லாரி திரும்பவில்லை. போகும்போது அவள் சொன்னது இதுதான்: "நிக்கதுக்கு எங்களுக்குச் சடவு இல்ல டீச்சர். லாரி நிக்காதுல்லா."

கூட்டம்

எதிர்மாதிரியும் பார்த்திருக்கிறேன். நெல்லை நகரத்துக்குள்ளேயே நல்ல வசதியான காலனி. பள்ளிக்கூடம் சுத்தம், மின்விசிறி சுற்றுகிறது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறது. வருவதற்கு ஆள்தான் இல்லை. எதிரெதிர்க் கட்சி ஏஜெண்டுகள் இரண்டு பேரும் ஒரே செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்து முடித்து, மாற்றியும் படித்துவிட்டார்கள். மை வைக்கிற இடத்தில் எங்கள் ஓவிய ஆசிரியர் ஆறுமுகம் சார். தூங்கிவிடக்கூடாது என்று மைக்குச்சியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பதினொரு மணி வாக்கில் ஒரு பெரிய மனிதர் வந்தார். அரை டிரவுசர், வெள்ளை ஷூ. நாங்கள் ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஏஜெண்டுகள் பேனாவை எடுத்தார்கள். அவர் வாசலிலேயே நின்று, "விடியக்காலையிலயே வாக்கிங் வந்தேன், கேட்டப் பூட்டிட்டீங்க. கிரவுண்டுல நடக்க முடியல. இந்தக் கூட்டம்லாம் எப்ப முடியும்?" என்று கேட்டார். ஓட்டு இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, இருக்கிறது, சாயங்காலம் பார்க்கலாம் என்றார். சாயங்காலமும் வரவில்லை. அவர் போனபிறகு ஆறுமுகம் சார் அந்தக் காலி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "டீச்சர், எந்தக் கூட்டத்தச் சொல்லுதாரு?"

ஒத்த ஓட்டு

பாபநாசத்துக்குக் கீழே, ஆற்றை ஒட்டிய ஒரு ஊர். பெயர் வேண்டாம். வாக்குச்சாவடி ஜன்னல் வழியாகத் தாமிரபரணி தெரியும். ஆற்றுக்குள் உறைகிணறு தோண்டி, குழாய் போட்டு, தண்ணீர் எங்கெங்கோ போகிறது. அந்த ஊர்க் குழாயில் மட்டும் காற்றுதான் வருகிறது. ஆற்றங்கரை ஊருக்கு லாரித் தண்ணீர். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இந்தத் தடவை ஓட்டுப் போடுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள். காலையிலிருந்து எங்கள் முன்னால் ஒரு ஈ, காக்கை கிடையாது. தெருவில் கறுப்புக்கொடி ஆடியது. தாசில்தார் ஜீப்பில் வந்தார், தெருமுனையில் நின்று பேசினார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

மத்தியானம் பேச்சியம்மாள் என்கிற அம்மா எங்கள் எல்லாருக்கும் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கியவர் அவர்தான் என்று காவலுக்கு இருந்த போலீஸ்காரர் சொன்னார். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றேன். "உங்க மேல எங்களுக்கு என்ன கோவம்? நீங்க பட்டினி கெடந்து நாங்க பாவம் சேக்கணுமா? தண்ணி மட்டும் நீங்க கொண்டாந்ததக் குடிச்சுக்கிடுங்க" என்றார். நாங்கள் தலையைத் தூக்காமல் சாப்பிட்டோம்.

சாயங்காலம் பாத்திரம் எடுக்க வந்தவர் உடனே போகவில்லை. வாசலில் நின்று, இயந்திரத்தைச் சுற்றி மறைப்பாக வைத்திருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை ஒரு தேர்தலும் தவறவிட்டதில்லையாம். எனக்கு மனசு கேட்கவில்லை. "நேரம் இருக்கும்மா. வந்தது வந்துட்டீங்க, போட்டுட்டுத்தான் போங்களேன். யாருக்கும் தெரியாது" என்றேன். பேச்சியம்மாள் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. "ஊரு மொத்தத்துக்கும் ஒத்த ஓட்டு விழுந்தா அது யாரு ஓட்டுன்னு தெரியாதா டீச்சர்? பெறகு இந்த அட்டைய வச்சு மறச்சு என்ன பிரயோசனம்?"

ஆளு இருக்கு

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். டவுன் பள்ளிக்கூடம், கத்தரி வெயில். ஆண்கள் வரிசை மைதானத்தில் பந்தல் இல்லாத இடம்வரை நீண்டிருந்தது. தையல்கடை வைத்திருக்கும் காதர் பாய் அந்த வெயில் பகுதியில் நின்றிருக்கிறார். அவருடைய மனைவி பெண்கள் வரிசையில். நின்றுகொண்டிருந்த பாய் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். நாலைந்து பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். செருப்பு மட்டும் வரிசையில் கிடந்தது. கூடவே ஆட்டோவில் ஏறிய அந்த அம்மா, பாய்க்குப் பின்னால் நின்ற காய்கறிக்கடைக்காரரிடம், "அண்ணாச்சி, அவுக எடத்தக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. ஒரு ஊசி போட்டுட்டு இந்தா வந்துருதோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

உள்ளே இருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, ஒருவர் வரிசை நகர நகரக் குனிந்து ஒரு ஜோடிச் செருப்பைக் கையால் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே வந்தார். யாரோ அதைத் தாண்டிப் போகப் பார்த்தபோது, "ஏலே, மிதிச்சிராத. ஆளு இருக்கு" என்று அதட்டினார். அப்படியே செருப்பு வாசலுக்கு வந்துவிட்டது. அடுத்த ஆள் வரலாம் என்றேன். காய்கறிக்கடை அண்ணாச்சி செருப்பைப் படியோரம் வைத்துவிட்டு, "பாய் வந்துரட்டும் டீச்சர். அவருக்குப் பெறகுதான் நான்" என்றார். பின்னால் நின்றவர்களை முதலில் அனுப்பினார். ஒருவர், இருவர், பத்துப் பேர். அவர் நகரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசல் போலீஸ்காரருக்குப் போன் வந்தது. அவர் உள்ளே வந்து என் காதில் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். அண்ணாச்சி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே உள்ளே வந்து விரலை நீட்டினார், மை வைத்துக்கொண்டார், ஓட்டைப் போட்டார். வெளியே போனவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்தார். "எடத்தப் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். இத அந்த அம்மாகிட்ட என்னன்னு சொல்லிக் குடுப்பேன் டீச்சர்?"

கடற்கரை வாக்குச்சாவடி

திசையன்விளைக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு மீனவர் ஊர். மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடம். அந்த ஊருக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டித் தரவேண்டும். அது இல்லாவிட்டால் காற்று எழும்பிய நேரத்தில் வள்ளத்தைக் கரைசேர்க்க முடியாது. இந்தத் தேர்தலில் அதற்காகவே எல்லாரும் ஓட்டுப் போடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். ஆண்களில் பாதிப்பேர் இருட்டோடு கடலுக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் வந்து போடுவதாக ஏற்பாடு. காலையில் பெண்கள் கொஞ்சப் பேர் போட்டுவிட்டார்கள். மீதிப்பேர், வீட்டு ஆண்கள் வந்ததும் சேர்ந்து போடலாம் என்று நிதானமாக வந்து நின்றார்கள்.

மத்தியானம் காற்று திரும்பியது. ஜன்னல் கதவுகள் அடித்தன. மற்ற வள்ளங்கள் எப்படியோ கரை ஏறிவிட்டன, ஒன்று மட்டும் வரவில்லை. அதில் நான்கு பேர். வரிசையில் நின்ற செல்வியின் வீட்டுக்காரர் சூசையும் அதில் ஒருவர். அவள் "மாதாவே" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஓடினாள். அவள் பின்னால் வரிசை மொத்தமும் ஓடியது. ஏஜெண்டுகளும் ஓடினார்கள். வாக்குச்சாவடியில் நாங்களும் இயந்திரமும்தான். சதவீதம் கேட்டு மண்டல அலுவலர் போன் செய்தார். "ஏன் ஏறவே இல்ல?" என்றார். "வள்ளம் வரல சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிந்தபிறகு போனை வைத்துவிட்டார். சாயங்காலம்வரை கடற்கரையிலிருந்து ஜெபம் சொல்லும் சத்தம் மட்டும் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது.

ஆறு மணிக்கு நான் வெளியே வந்து பார்த்தேன். அந்த நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டுக் கொடுத்தால், எத்தனை நேரமானாலும் அவர்கள் ஓட்டுப் போடலாம், அதுதான் விதி. வரிசையில் ஒருவரும் இல்லை. ஆள் இல்லாத மைதானத்தில் சீட்டை யாரிடம் கொடுப்பது? கேட்டைச் சாத்தச் சொன்னேன். இயந்திரத்தை மூடி அரக்கு வைத்துக்கொண்டிருந்தபோது கோயில் மணி அடித்தது. நிறுத்தாமல் அடித்தார்கள். வள்ளம் வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஊர் மொத்தமும் கடற்கரையிலிருந்து ஏறி வந்தது. அழுகையும் சிரிப்புமாக வந்தார்கள். நடுவில் அந்த நான்கு பேர், போர்வையைச் சுற்றிக்கொண்டு, உதடெல்லாம் உப்பில் வெடித்துப்போய். யாரும் சொல்லாமலே மூடின கேட்டுக்கு முன்னால் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம் வரிசையாக நின்றார்கள். நிற்கத் தெம்பில்லாத சூசை செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையிலேயே நின்றார். நான் கேட்டுக்கு உள்ளே நின்று, நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். யாராவது கல்லெடுத்து எறிந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் சத்தம் போடவில்லை. ஒரு இளவட்டம் மட்டும் கேட்டைப் பிடித்து ஆட்டினான். பெரியவர் ஒருவர் அவன் கையை எடுத்துவிட்டார். வரிசை கலைய வெகுநேரம் ஆனது. செல்வி கேட்டுக்குப் பக்கத்தில் வந்தாள். "எங்க ஆளு வந்துட்டாவ டீச்சர், எனக்கு அது போதும். இந்த ஊர்ல சனம் வரலன்னு மட்டும் எழுதிப்புடாதீங்க. வந்தோம்னு எழுதுங்க."

இத்தனை தேர்தலில் நான் ஜனங்களிடம் அதிகம் சொன்னவை "கொஞ்சம் பொறுங்க", "நேரம் முடிஞ்சிருச்சு" என்கிற இரண்டு வார்த்தைகள்தான். இரண்டுக்கும் நடுவே எப்போதாவது ஒரு நொடி கதவு திறந்திருக்குமே, அதைத்தான் ஜனநாயகம் என்கிறார்கள் போலிருக்கிறது.